குச்சிக்கிழங்குத் தோலும் மரியாதையும்

கொல்லிமலையிலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில் மிளகு மூட்டை ஏறும், அன்னாசி ஏறும், வாசத்திலேயே தலைவலி வரவழைக்கும் பலாப்பழம் ஏறும். கண்டக்டர் எதற்கும் முகம் சுளிப்பதில்லை. என் மூட்டையை மட்டும் காலால் தள்ளிப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“குச்சிக்கிழங்குத் தோலுங்க.”

“கிழங்கு எங்க?”

“கிழங்கு இல்லீங்க. தோலு மட்டுந்தான்.”

என் கழுத்தில் தொங்கிய பல்கலைக்கழக அடையாள அட்டையையும் மூட்டையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். “ஆடு வளக்கறீங்களா?”

“இல்லீங்க. ஆராய்ச்சி.”

“அதுக்கு ஆடே வளக்கலாமே” என்று சொல்லி, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

ஆராய்ச்சியைப் பற்றி ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்ல என்னிடம் சில பதில்கள் தயாராக இருந்தன. பேராசிரியர்கள் கேட்டால்: நீர்ப்பகுப்புக்கும் ஆற்றல் சேமிப்புக்குமான நானோ கலப்பு மின்முனைப் பொருட்கள். உறவினர்கள் கேட்டால்: பேட்டரி மாதிரி ஒன்று. ஆராய்ச்சி எப்போது முடியும், கல்யாணம் எப்போது என்று சேர்த்துக் கேட்டால்: இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஒரே பதிலில் இரண்டும் முடிந்துவிடும்.

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. ஹைட்ரஜன் புகையில்லாத எரிபொருள். மின்சாரம் தண்ணீருக்குள் இறங்கும் இடத்துக்குப் பெயர் மின்முனை. அது நல்ல மின்முனையாக இருந்தால் கொஞ்சம் மின்சாரத்திலேயே குமிழி வரும். மோசமானதாக இருந்தால் நிறைய மின்சாரத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். பிளாட்டினம் இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்யும். ஆனால் அது நகைக்கடையில் இருக்கிற பொருள். அதற்குப் பதிலாக நிக்கலும் கோபால்ட்டும் கலந்த ஆக்சைடு துகள்களை நாங்கள் பயன்படுத்துகிறோம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துகள்கள். அவற்றிடம் ஒரு கெட்ட பழக்கம்: கல்யாண வீட்டில் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மூலையில் கூடிக்கொள்வதைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தனித்தனியாக உட்கார வைக்க நுண்துளைகள் நிறைந்த கரி வேண்டும். துகளும் கரியும் சேர்ந்ததுதான் நானோ கலப்புப் பொருள். துளைகள் நன்றாக அமைந்துவிட்டால் அதே பொருள் மின்சாரத்தைச் சேமித்தும் வைக்கும். ஒரே பொருளில் இரண்டு வேலை.

கரி எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் ஒவ்வொரு ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு குலதெய்வம் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டை, நிலக்கடலைத் தொலி, வாழைப்பழத் தோல், நெல் உமி எல்லாவற்றையும் யாராவது எரித்துப் பார்த்துவிட்டார்கள். எங்கள் வீடு மலையடிவாரத்தில். நாங்கள் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியை ஏற்றிய லாரிகள் ஜவ்வரிசி ஆலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மரவள்ளித் தோல் எடுக்கிறேன் என்று என் பேராசிரியரிடம் சொன்னேன். சரி என்றார். ஆலையில் கிடைத்த தோலில் மண், கல், பிளாஸ்டிக் கயிறு, ஒரு செருப்பு எல்லாம் இருந்தன. அதனால் மலைக்கே போனேன்.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழக்கடைகளின் வரிசை. அதன் கடைசியில் ஒரு அக்கா வேகவைத்த குச்சிக்கிழங்கை மிளகாய்ப்பொடி தூவி விற்றுக்கொண்டிருந்தார். தினமும் கிழங்கு வேகிறது என்றால் தினமும் தோல் இருக்கும். ஒரு தட்டு வாங்கித் தின்றுவிட்டுக் கேட்டேன்.

“அக்கா, இதோட தோலை என்ன பண்ணுவீங்க?”

“தோலத் திங்க மாட்டோம் கண்ணு” என்றார், நான் ஏதோ குறை சொல்ல வருகிறேன் என்று நினைத்து.

“இல்லீங்கக்கா, எனக்கு வேணும். ஒரு மூட்டை.”

“அதெதுக்குச் சாமி உனக்கு?”

“அதைக் கரியாக்கி, கரண்ட்டு வெச்சு, தண்ணியைப் பிரிக்கப் போறேன்.”

அக்கா பக்கத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அன்னாசியை அடுக்குவதை நிறுத்தியிருந்தார். பிறகு அக்கா, மிளகு கொண்டுவந்து போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். “ஏனுங்க, ஊட்டுக்குப் போயி இந்தப் புள்ளைக்கு ஒரு மூட்ட தோலு கொண்டாங்க. படிக்கிற புள்ள, பாவம்.”

அந்தப் ‘பாவம்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தோல் வேண்டும். அந்த அண்ணன் தன் மோட்டார் சைக்கிளில் அரியூர் நாட்டுப் பக்கம் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய், நான் இரண்டாவது தட்டு கிழங்கை முடிப்பதற்குள் ஒரு மூட்டையோடு திரும்பினார். வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். நன்றி சொல்லி மூட்டையையும் அக்காவின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். அந்த மூட்டையைத்தான் கண்டக்டர் காலால் தள்ளினார்.

ஆய்வுக்கூடத்தில், ஒட்டியிருந்த அழுக்கை அமிலம் பார்த்துக்கொள்ளும் என்று தோலைக் கழுவாமலே காயவைத்து, அரைத்து, காற்றுப் புகாத உலையில் சுட்டு, அமிலத்தில் அலசி, நிக்கல் கோபால்ட் துகள்களோடு சேர்த்தேன். கறுப்பு மாவு ஒன்று வந்தது. அதைக் குழைத்து நிக்கல் தகட்டில் பூசி, காரத்தண்ணீரில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தேன். வோல்டேஜ் இன்னும் சரியாக ஏறக்கூட இல்லை. குமிழி பொங்க ஆரம்பித்துவிட்டது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. அறைக்கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் எழுந்து வந்து, குனிந்து பார்த்து, “ம்” என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மின்சேமிப்புச் சோதனையிலும் நல்ல எண்கள். கட்டுரை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினோம்.

கட்டுரையைச் சரிபார்த்தவரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான ஆங்கிலத்தில் அவர் கேட்டிருந்தது ஒன்றுதான்: புதிதாகத் தோல் சேகரித்து, மறுபடி செய்து, இதே முடிவு வருகிறதென்று காட்டுங்கள்.

நியாயமான கேள்வி. ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம், மறுபடி வந்தால்தான் அறிவியல். என் நிலைமை இதுதான்: அந்தக் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும், சமர்ப்பித்தால்தான் பட்டம், பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கால நீட்டிப்போ அந்த ஆண்டோடு முடிகிறது. மறுபடி வராவிட்டால் கட்டுரையை நாங்களே திரும்பப் பெற வேண்டும். நான் பதறவில்லை. சோளக்காட்டு அக்காவுக்கு போன் போட்டேன்.

இப்போது நான் அவர்களுக்கு யாரோ ஒரு பஸ் பயணி இல்லை. போனில் நான் சொன்னதை வைத்து, தான் கொடுத்த தோல் ஆராய்ச்சியில் ஜெயித்துவிட்டது என்று அக்கா சந்தை முழுக்கச் சொல்லியிருந்தார். நான் போய் இறங்கியபோது அன்னாசிக் கடைக்காரர் எழுந்து நின்று, “டாக்டரம்மா வந்தாச்சு” என்றார். நான் டாக்டர் ஆவதே அந்த மூட்டையை நம்பித்தான் இருக்கிறது என்று அவரிடம் விளக்கவில்லை.

வீட்டுக்கே கூட்டிப்போனார்கள். சாமைச் சோறு, கோழிக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் அக்கா மூட்டையைக் கொண்டுவந்தார். புதுச் சாக்கு. பிரித்துப் பார்த்தேன். இப்படி ஒரு தோலை நான் எங்கும் பார்த்ததில்லை. மண் இல்லை, கறை இல்லை, ஒவ்வொரு துண்டும் ஒரே அகலத்தில் சுருண்டு கிடந்தது.

“எனக்குன்னே பண்ணுனீங்களாக்கா?”

“பின்ன? புதுக்கிழங்கா எடுத்து, தண்ணி மாத்தி மாத்திக் கழுவி, இவரு வேட்டிய விரிச்சுக் காயப்போட்டேன். நீ பாட்டுக்கு அதுல என்னென்னமோ பண்ணுவே. அழுக்கோட குடுத்தா நல்லாவா இருக்கும்?”

“நல்ல வேட்டிங்க” என்றார் அண்ணன். “கல்யாணத்துக்கு எடுத்தது.”

சுத்தமான மாதிரி கிடைப்பது எந்த ஆராய்ச்சியாளருக்கும் கனவு. பஸ்ஸில் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அது வேலை செய்யவில்லை.

அதே உலை, அதே வெப்பம், அதே அமிலம். தகட்டைத் தண்ணீரில் தொங்கவிட்டு வோல்டேஜை ஏற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஏற்றினேன். வெகுநேரம் கழித்து ஒரு குமிழி, வேண்டாவெறுப்பாக, தகட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்த்தேன். அது மேலே போகவும் இல்லை.

குழப்பம் வரும்போது பட்டியல் போடுவது என் வழக்கம். சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று போட்டேன். உலையின் வெப்பமானி: சரிபார்த்தாயிற்று, குற்றமில்லை. நிக்கல் தகடு: பழைய தகட்டையே போட்டுப் பார்த்தேன், குற்றமில்லை. காரத்தண்ணீர்: புதிதாகக் கலக்கினேன், குற்றமில்லை. கடைசியில் நான்: மிச்சமிருந்த பழைய கரியை என் கையாலேயே பூசிப் பார்த்தேன், குமிழி பொங்கியது, ஆகவே நானும் குற்றமில்லை. இந்த வரியை மட்டும் பேராசிரியர் நம்பவில்லை. “கை மாறிடுச்சா?” என்று கேட்டார், நான் பிரியாணி மாஸ்டர் என்பது போல.

அக்காவுக்கு போன் செய்து, இந்த முறை சரியாக வரவில்லை, இன்னொரு மூட்டை வேண்டும் என்றேன்.

“கழுவுனது பத்தல போலிருக்குது” என்றார்.

“அதில்லீங்கக்கா...”

“நீ வையி கண்ணு. நாம் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்டார். மூன்றாவது மூட்டை பஸ்ஸில் ஏற்றிவிடப்பட்டு வந்து சேர்ந்தது. திறந்ததும் ஆய்வுக்கூடம் முழுக்க மங்களகரமான வாசனை. தோல் எல்லாம் மஞ்சளாக இருந்தது. பூச்சி அண்டாமல் இருக்க, வெந்நீரில் கழுவியபின் மஞ்சள் தண்ணீரிலும் அலசியிருக்கிறார். பக்கத்து மேசையில் உமியில் ஆராய்ச்சி செய்யும் தோழி எட்டிப் பார்த்து, “இதுக்குக் குங்குமம் வரலையா?” என்றாள். சுட்டுப் பார்த்தேன். இரண்டாவது மூட்டையாவது ஒரு குமிழி விட்டது. இது அதையும் விடவில்லை.

கட்டுரையை நாங்களே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று ஆய்விதழுக்கு எழுதுவதற்கான வரிகளைப் பேராசிரியர் யோசிக்கத் தொடங்கினார். யோசிப்பது கதவுக்கு வெளியே கேட்டது.

முதல் மூட்டையின் சாக்கு மூலையில் மடித்துக் கிடந்தது. அதன் அடியில் ஒரு பிடி தூளும் சில தோல் துண்டுகளும். அவற்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, எந்தெந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று பார்த்தேன். திரையில் பொட்டாசியத்தின் கோடு வானத்துக்கு நின்றது. பக்கத்தில் கால்சியம். மண்ணாக இருந்தால் அலுமினியமும் சிலிக்கானும் இந்த உயரத்துக்கு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பொட்டாசியமும் கால்சியமும் இப்படிச் சேர்ந்து வருவது விறகுச் சாம்பலில்.

உலை வெப்பத்தில் பொட்டாசியம் கரியை அரித்துத் துளை போடும். அதற்காகவே மற்ற ஆய்வுக்கூடங்களில் பொட்டாசியம் சேர்மங்களைப் பாட்டிலில் வாங்கி ஊற்றுகிறார்கள். என் முதல் மூட்டைக்கு அந்த வேலையை யாரோ ஏற்கெனவே செய்து அனுப்பியிருக்கிறார்கள். யார், எப்படி, எவ்வளவு என்று தெரியாமல் நான் ஒரு வரிகூட எழுத முடியாது. கரியை அலசி நான் கொட்டிய அமிலத்தோடு எல்லாச் சாட்சியமும் போய்விட்டது. மலையில்தான் கேட்க வேண்டும்.

போனேன். வீட்டு வாசலில் அண்ணன் தார்ப்பாயில் மிளகைக் காயவைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார். அக்கா டீ கொடுத்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“அக்கா, முதல்ல குடுத்த தோல்ல சாம்பல் கலந்திருந்துச்சுங்களா?”

அக்காவின் முகம் மாறிவிட்டது. “சாம்பலா? எங்கூட்டுத் தோல்லயா?”

“தப்பா ஒண்ணுமில்லீங்க. தெரிஞ்சுக்கத்தான்.”

“நான் அப்படியெல்லாம் குடுப்பனா கண்ணு? கிழங்கு சீவுற எடத்துல போயிப் பாரு. தொடச்சு வெச்சிருப்பேன்.” பிறகு குரலை உயர்த்தி, “ஏனுங்க, தோல்ல சாம்பல் இருந்துச்சான்னு கேக்குது இந்தப் புள்ள!”

“இருக்காதுங்க” என்றார் அண்ணன், மிளகைப் பார்த்தபடி. “நல்ல தோலுங்க அது.”

“எங்கிருந்து எடுத்தீங்கண்ணா?”

“ஊட்டுல இருந்துதானுங்க.”

“ஊட்டுல எங்க?”

“இங்கதானுங்க. ஊட்டுலதான்.” மிளகை அவர் கிண்டிய வேகத்தில் பாதி தார்ப்பாய்க்கு வெளியே போயிற்று.

கேட்கக் கேட்க அக்கா மனம் புண்பட்டுக்கொண்டே போனார். விருந்தாளிக்குக் குறையுள்ள பொருளைக் கொடுத்தார்கள் என்று நான் சொல்வதாகத்தான் அவர் காதில் விழுந்தது. எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அங்கேயே போய் முட்டியது. கடைசியில் வேறு வழியில்லாமல் இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கழுவிக் குடுத்த ரெண்டு மூட்டையும் வேலைக்கு ஆகல. அண்ணன் கொண்டுவந்த அந்த முதல் மூட்டைதான் பிரமாதம். அந்த மாதிரி தோலு நான் பார்த்ததே இல்ல. அது மறுபடி கிடைக்கலன்னா என் படிப்பே நின்னுபோயிரும்.”

மிளகு கிண்டும் சத்தம் நின்றது.

“நாங் கொண்டாந்ததுங்களா?” என்றார் அண்ணன்.

“ஆமாங்கண்ணா.”

“இவ கழுவுனத விட நல்லாருந்துச்சுங்களா?”

“ரொம்ப.”

அண்ணன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இத்தனை நேரம் ஒளித்து வைத்திருந்த அந்த முகத்தில் இப்போது ஒரு வெளிச்சம். “அது அம்மிணி, நாம் பாட்டுக்கு அள்ளிட்டு வந்துரல. மேல இருக்கறதெல்லாம் தள்ளிட்டு, அடியில பக்குவமா இருக்கறதா பாத்துத்தான் போட்டேன்.”

“எதுல அடியில?” என்றார் அக்கா.

“குப்பக்குழியில.”

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் பக்கத்துத் தோட்டம் வரை கேட்டிருக்கும். “குப்பக்குழியிலயா! படிக்கிற புள்ளைக்குக் குப்பையவா அள்ளிக் குடுத்தீங்க? நீங்கெல்லாம் மனுசனுங்களா? உங்களுக்கு அறிவுங்கறது இருக்குதுங்களா?”

எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் ‘ங்க’ மட்டும் வார்த்தையை விட்டுப் போகாது.

“அன்னைக்கி சீவுனது அத்தனையும் ஆடு தின்னுருச்சு புள்ள. நீ மூட்டையோட வாங்கன்னு சொல்லிட்டே. வெறுங்கையோட வந்தா அந்தப் புள்ள முன்னால உனக்குத்தான மானக்கேடு?”

“அதுக்கு? கெடக்கறத அள்ளிக் குடுத்தா மானமா?”

“இப்ப என்ன கெட்டுப்போச்சு? எது நல்லாருக்குதுன்னு டாக்டரம்மாவே சொல்லிருச்சே” என்று அண்ணன் என்னைக் காட்டினார். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழியைப் பார்க்க வேண்டும் என்றேன். கூடவே கூடாது என்றார் அக்கா. அண்ணன் அதற்குள் முன்னால் நடந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால், வாழைக்கு அருகில் இருந்தது. கிழங்குத் தோல் விழும். ஈ மொய்க்காமல் இருக்கவும் வாடை வராமல் இருக்கவும் காலையில் அடுப்பில் வாரும் சாம்பலை அக்கா அதன்மேல் கொட்டுவார். மலைப்பனியில் அது நனைந்து தோலுக்குள் இறங்கும். மறுநாள் மறுபடி தோல், மறுபடி சாம்பல். படகுத்துறைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு ஏரியைக் காட்டுவது போல அண்ணன் கையை நீட்டி நீட்டி விளக்கினார். நான் கையுறை மாட்டிக்கொண்டு, சிறு கரண்டியால் மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு என்று தனித்தனிப் பைகளில் எடுக்கத் தொடங்கினேன். அக்கா ரோட்டுப் பக்கம் மறைத்துக்கொண்டு, சேலையை அகலமாக விரித்து நின்றார்.

மறைப்பு போதவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

“என்னத்தத் தேடுது அந்தப் புள்ள?”

டாக்டர் பெண் எங்கள் குப்பையை அள்ளுகிறாள் என்று அக்கா சொல்வாரா? “தோடு பெரியம்மா” என்றார், யோசிக்காமல். “என் தோடு ஒண்ணு விழுந்துருச்சு.”

“அய்யய்யோ! தங்கமாச்சே!” என்று பெரியம்மா வேலியைத் தாண்டி வந்துவிட்டார். நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் குழிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் கிளற ஆரம்பித்தார். மேல் அடுக்கு கீழே போனது, கீழ் அடுக்கு மேலே வந்தது, நடு அடுக்கு என் துப்பட்டாவில் இருந்தது.

“பெரியம்மா, கொஞ்சம் மெதுவாங்க...” என்றேன்.

“மெதுவாத் தேடுனா கோழி முழுங்கிரும் கண்ணு! நீ அந்தப் பக்கம் பாரு!”

இதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. அக்கா திரும்பி நின்று காதில் ஏதோ செய்தார். பிறகு குனிந்து, சாம்பலுக்குள் கையை விட்டு, “கெடச்சிருச்சு!” என்று ஒரு தோட்டைத் தூக்கிக் காட்டினார்.

பெரியம்மா இடுப்பில் கை வைத்து அக்காவின் காதை உற்றுப் பார்த்தார். “நா வந்தப்போ ரெண்டு காதுலயும் மின்னுன மாதிரி இருந்துச்சே?”

“வெயில் பெரியம்மா” என்றார் அண்ணன்.

வானம் மூடிக்கொண்டு மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மா போனபிறகு நான் குழியோரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அடுக்குகள் போனதில் பெரிய நஷ்டமில்லை. குப்பைக்குழியை ஒரு செய்முறையாக எழுத முடியாது. அதில் எவ்வளவு சாம்பல், எத்தனை நாள் ஈரம், எந்த ஆடு எதைத் தின்றது என்பதற்குக் கணக்கில்லை. எனக்கு வேண்டியது வேறு: சுத்தமான தோல், அளந்த சாம்பல், அளந்த தண்ணீர். மூன்றையும் தெரிந்தே கலக்க வேண்டும்.

“அக்கா, நீங்க கழுவி வெச்ச தோலு இன்னும் இருக்குதா?”

“எதுக்கு? அதுதான் வேலைக்கே ஆகலயே.”

“அதுதான் வேணும். அதோட உங்க அடுப்புச் சாம்பலும்.”

அக்கா நிமிர்ந்தார். “அப்ப என் தோலும் வேணும்?”

“உங்க தோலு இல்லாம முடியாதுங்க.”

“சாம்பல் யாரு அடுப்புது?” என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் மிளகைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த ஆபத்து உடனே வந்தது. அடுப்புச் சாம்பல் கருப்பாக இருக்கிறது, அதையா கொடுப்பது, நல்ல பசுஞ்சாணி வரட்டியைச் சுட்டுத் திருநீறு மாதிரி வெள்ளை வெளேரென்று எடுத்துத் தருகிறேன், ஒருநாள் பொறு என்றார் அக்கா. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

“அக்கா, தயவுபண்ணி எதையும் நல்லாப் பண்ணாதீங்க. தெனமும் எரிக்கிற விறகு, தெனமும் வார்ற சாம்பல். அது போதும்.”

“காப்பிச்செடி கழிச்ச குச்சிதான் எரிக்கிறேன். அது ஒரு சாம்பலா?”

“அதேதான் வேணும்.”

“சலிச்சாவது தாரேன். கட்டி கட்டியா இருக்குது.”

யோசித்தேன். துகள் சீராக இருப்பது எனக்கும் நல்லதுதான். சலிப்பதை மட்டும் விட்டுக்கொடுத்தேன். கேழ்வரகு மாவு சலிக்கும் சல்லடையை அவர் எடுத்து வந்தபோது, அதைப் பிறகு என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் சாம்பலை வேறு வேறு அளவில் எடுத்து, தண்ணீரில் கரைத்து, அக்காவின் தோலை ஊறவைத்துச் சுட்டேன். சாம்பல் இல்லாதது, கொஞ்சம், கொஞ்சம் கூட, நிறைய என்று வரிசையாகத் தகடுகள். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினேன். சாம்பல் இல்லாதது வழக்கம்போல் சும்மா இருந்தது. அடுத்தது முணுமுணுத்தது. மூன்றாவது பொங்கியது. முதல் மூட்டையின் வோல்டேஜைவிடவும் சற்றுக் குறைவிலேயே பொங்கியது. அதே அளவில் மறுபடி செய்தேன், பொங்கியது. என் கைமேல் சந்தேகம் தீரட்டும் என்று உமித் தோழியை வைத்துச் செய்ய வைத்தேன். அவளுக்கும் பொங்கியது. அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்; அவளுடைய உமி அதுவரை பொங்கியதில்லை.

பேராசிரியர் எண்களைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதை மெத்தட் செக்‌ஷன்ல எப்படி எழுதப் போறே?” என்றார்.

இதே கேள்வியைத்தான் மலையிலிருந்தும் போனில் கேட்டார்கள். “குழின்னு போட்டுட்டியா கண்ணு?”

எழுதியதைத் தமிழில் சொன்னேன்: கொல்லிமலையில் சேகரித்துக் கழுவி உலர்த்திய மரவள்ளித் தோல், சலித்த விறகுச் சாம்பல் கரைசலில் ஊறவைக்கப்பட்டது.

“கழுவின்னு வருதா?”

“வருதுங்க.”

“சலிச்சன்னும் வருதா?”

“அதுவும் வருதுங்கக்கா.”

“பாத்தீங்களா?” என்றார், போனுக்கு அந்தப் பக்கம் யாரிடமோ. அந்த யாரோ, “குழியில இருந்து மொதல்ல எடுத்தது யாருன்னு போட்டிருக்குதான்னு கேளு” என்றது கேட்டது. சிக்னல் போய்விட்டது என்று அக்கா சொன்னார். எனக்கு அவர் குரல் தெளிவாகத்தான் கேட்டது.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வேட்டையும் காலக்கெடுவுக்குள் சமர்ப்பித்தேன். பட்டம் வந்துகொண்டிருக்கிறது. கட்டுரை வெளிவந்த கொஞ்ச நாளில் வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் முடிவை அவர்களும் செய்து பார்க்க விரும்புகிறார்களாம். தோலும் சாம்பலும் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஒரு கட்டுரைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. உடனே அக்காவுக்கு போன் செய்தேன்.

“வடக்கத்திக்காரங்களுக்கா?” என்றார் அக்கா. அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டதும் நான் அடையாள அட்டையைத் தேட ஆரம்பித்தேன். “அவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? அந்தக் காப்பிக்குச்சிச் சாம்பலா அனுப்பறது? நீ ஒண்ணும் பேசாத. வரட்டி தட்டிக் காயவெச்சிருக்குது. தோலையும் எலுமிச்சம்பழம் போட்டு ஒருதரம்...”

“அக்கா,” என்றேன், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, “எதையும் தொடாதீங்க. நான் பஸ் ஏறிட்டேன்.”

ஏறவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட ஆரம்பித்திருந்தேன்.